கொசு வலைக்குக் காசு யார் கொடுப்பது?

மலேரியா என்று பேச்சு எடுத்தாலே போதும், "அதுக்கு என்ன கஷாயம் டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். கஷாயமும் சூரணமும் கொடுத்தே காலம் தள்ளியவன். ஆனாலும் மலேரியா விஷயத்தில் நான் முதலில் கேட்கும் கேள்வி, "ராத்திரி வலை கட்டித் தூங்குறீங்களா?" என்பதுதான்.

சித்த மருத்துவத்தில் நோய் அணுகா விதி என்று ஒரு பகுதியே உண்டு. வந்த பிறகு மருந்து தேடுவதைவிட வராமல் பார்த்துக்கொள்வதே மேல் என்பது அதன் சாரம். மலேரியாவுக்கு அந்த விதி நாலு மூலையிலும் கயிறு கட்டிய ஒரு வலைதான்! பழைய சீன வைத்திய ஏடுகளைப் புரட்டி, மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்றிலிருந்து மலேரியா மருந்து கண்டுபிடித்த து யூயூ என்ற அம்மையாருக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. பாரம்பரிய மருத்துவர்கள் எல்லோருக்குமே பெருமைதான். ஆனால் அந்த மருந்துக்கு வேலை வருவது காய்ச்சல் வந்த பிறகு. அதற்கு முன்னால் வேலை செய்வது வலை.

இந்த வலையை ஏழை வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பது யார் வேலை? கடைக்காரர் வேலையா, அரசாங்கத்தின் வேலையா? இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக உலகம் இதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறது. "எங்கேயோ ஆப்பிரிக்காவில் நடக்கிற சண்டை, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த வலைகளில் கணிசமானவை நம்ம கரூரில் பின்னியவை. அந்தச் சண்டையில் கிடைத்த பாடமும் நமக்கு வேண்டியதுதான்.

ஒரு வலையின் பலம்

மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றுக்குள் வளருகிறது என்பதை ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897-ல், நம் நாட்டுச் செகந்திராபாத்தில். அந்தக் கொசு அனாபிலிஸ். அது பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் கடிக்கும். ஆகவே தூங்கும் நேரத்தில் காப்பாற்றிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

சாதா வலை ஒரு சுவர், அவ்வளவுதான். ஓட்டை விழுந்தால் சுவர் போச்சு. மருந்து சேர்த்த வலை அப்படியில்லை. வந்து உட்காரும் கொசுவை அது கொன்றுவிடும். நெடுநாளாக இதில் சேர்த்து வரும் மருந்து பைரித்ராய்டு வகை. சாமந்தி இனத்துப் பூ ஒன்றில் இயற்கையாக இருக்கும் பூச்சிக்கொல்லியைப் பார்த்துச் செய்தது. இப்போது வருபவை நூலிலேயே மருந்து சேர்ந்த வலைகள். இருபது தடவை துவைத்தாலும் மருந்து நிற்கும், சுமார் மூன்று வருஷம் உழைக்கும் என்பது கணக்கு.

பலன் எப்படி? ஆப்பிரிக்க நாடுகளில் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆயிரம் குழந்தைகளுக்கு இந்த வலை கொடுத்தால் வருஷத்துக்கு ஐந்தாறு உயிர் மிஞ்சுகிறது என்று தெரிந்தது. "ஆயிரத்துக்கு ஐந்துதானா?" என்று நினைக்காதீர்கள். கோடிக்கணக்கான குழந்தைகளைக் கொண்ட கண்டம் அது. 2000-லிருந்து 2015 வரை ஆப்பிரிக்காவில் 66 கோடி மலேரியாக் காய்ச்சல்கள் வராமல் தடுக்கப்பட்டன, அதில் மூன்றில் இரண்டு பங்கு வலையால்தான் என்று 2015-ல் கணக்கிட்டார்கள்.

இருந்தும், 2023-ம் வருஷம் மட்டும் உலகத்தில் சுமார் 6 லட்சம் பேர் மலேரியாவால் இறந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்காக்காரர்கள். அவர்களில் முக்கால்வாசி ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள்.

கடைக்காரர் செய்த நல்ல காரியம்

தான்சானியாவின் தெற்கே கிலோம்பேரோ, உலாங்கா என்று இரண்டு மாவட்டங்கள். நெல் விளையும் சதுப்பு நிலம். கொசுவுக்குக் கேட்க வேண்டுமா? 1996-ல் அங்கே ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். வலையைச் சும்மா கொடுக்கவில்லை; மானிய விலையில் விற்றார்கள். அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள் - 'ஸூயா ம்பு'. ஸ்வாஹிலி மொழியில் 'கொசுவைத் தடு' என்று அர்த்தம். பெட்டிக்கடைக்காரர், ஊர்ப் பெரியவர், சுகாதார ஊழியர், பாதிரியார் என்று ஊருக்குள் நம்பிக்கையான ஆட்களைப் பிடித்து விற்கச் சொன்னார்கள்.

மூன்றே வருஷத்தில், வலைக்குள் தூங்கும் கைக்குழந்தைகள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாக இருந்தது, ஐம்பதுக்கு மேல் போனது. மருந்து சேர்த்த வலைக்குள் தூங்கிய சின்னப் பிள்ளைகள் பிழைக்கும் வாய்ப்பு 27 சதவீதம் கூடியது என்று 2001-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் கணக்குக் காட்டினார்கள். ஆஸ்பத்திரி இல்லாத கிராமத்திலும் பெட்டிக்கடை இருக்கும் என்ற சின்ன சங்கதியைப் புரிந்துகொண்டதால் கிடைத்த வெற்றி இது.

2000-ம் வருஷம் ஏப்ரலில் நைஜீரியாவின் அபுஜா நகரில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடி, கொசு வலை மீதான வரிகளைக் குறைப்போம், நீக்குவோம் என்று உறுதி சொன்னார்கள். தான்சானியாவில் வரி போனது. உள்நாட்டு மில்கள் வலை பின்ன ஆரம்பித்தன. அருஷா நகரத்து மில் ஒன்று, ஜப்பான் கம்பெனி கொடுத்த தொழில்நுட்பத்தால் நூலிலேயே மருந்து சேர்த்த வலைகளைத் தயாரித்தது. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கிடைத்தது. அதில் பெண்களே அதிகம்.

2004-ல் அடுத்த கட்டம். 'ஹாட்டி புங்குஸோ' என்ற தள்ளுபடிச் சீட்டு. கர்ப்பிணிப் பரிசோதனைக்கு வரும் பெண்ணுக்கு நர்ஸ் ஒரு சீட்டு கொடுப்பார். அதைக் கடையில் நீட்டி, மீதிப் பணத்தைக் கொடுத்தால் வலை கிடைக்கும். கடைக்காரர் அந்தச் சீட்டை மொத்த வியாபாரியிடம் கொடுத்துப் புது வலை எடுப்பார். அவர் மில்லில் கொடுப்பார். கடைசியில் மில்லுக்குத் திட்டத்திலிருந்து பணம் வரும். அரசாங்கம் கிடங்கு கட்டவில்லை, லாரி வாங்கவில்லை. சரக்கு தானாக ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. நல்ல யோசனை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த 'மீதிப் பணம்'

2005-க்கும் 2007-க்கும் நடுவில், தான்சானியாவில் ஏதாவது ஒரு வலையாவது இருக்கும் வீடுகள் நூற்றுக்கு 44-லிருந்து 65 ஆயின. மருந்து சேர்த்த வலை உள்ள வீடுகள் 18-லிருந்து 36. இரண்டு மடங்கு! சபாஷ் என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் அந்தச் சீட்டு யாருக்காக வந்ததோ, அந்தக் கர்ப்பிணிகளைப் பாருங்கள். மருந்து சேர்த்த வலைக்குள் தூங்கியவர்கள் 11-லிருந்து 23 ஆனார்கள். அதாவது, மூன்று வருஷம் கழித்தும் நூறு கர்ப்பிணிகளில் எழுபத்தேழு பேருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சீட்டை வாங்கிப்போன ஏழைப் பெண் பலர் கடைக்குப் போகவே இல்லை. காரணம், அந்த மீதிப் பணம். சம்பளக்காரருக்கு அது சில்லறை. கூலி வேலை செய்பவளுக்கு அன்றைய அடுப்புச் செலவு.

சந்தையில் எப்போதும் உள்ள குணம் இது. காசு உள்ளவரைத் தேடிப் போகும். காசில்லாதவரைக் கண்டால் கதவைச் சாத்திவிடும். சந்தையைத் திட்டிப் பிரயோசனமில்லை. அதன் சுபாவம் அது.

ஓசியில் கொடுத்தால் மதிப்பிருக்காதா?

நம் ஊரிலும் 'இலவசம்' என்றதும் இரண்டு கட்சி கிளம்பிவிடும். "ஓசியில கொடுத்தா எவன் மதிப்பான்? மீன் பிடிக்கக் கொண்டுபோவான்!" என்று ஒரு கட்சி. கென்யாவிலும் இதே பேச்சுதான் இருந்தது. பேசிக்கொண்டே இருக்காமல், ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபா என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2007-ல் மேற்குக் கென்யாவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சில கர்ப்பிணிப் பரிசோதனை நிலையங்களில் வலை இலவசம். மற்றவற்றில் வெவ்வேறு விலை. அதிகபட்ச விலையே 40 கென்ய ஷில்லிங்தான். நம் பணத்தில் அன்றைக்கு இருபத்தைந்து ரூபாய்கூட வராது.

இலவசத்திலிருந்து அந்த 40 ஷில்லிங்குக்கு விலை ஏறியதும், வலை வாங்கிப்போனவர்கள் நூற்றுக்கு அறுபது பேர் குறைந்துபோனார்கள்! சரி, காசு கொடுத்து வாங்கியவர்கள் ஒழுங்காகக் கட்டினார்கள், சும்மா வாங்கியவர்கள் மூலையில் போட்டார்களா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை. டூபா பிறகு செய்த இன்னொரு ஆய்வில், முதல் வலையை மலிவாகவோ இலவசமாகவோ பெற்றவர்கள், இரண்டாவது வலையைக் காசு கொடுத்து வாங்கக் கூடுதலாக முன்வந்தார்கள். அனுபவித்துப் பார்த்தவருக்குத்தானே அருமை தெரியும்?

கென்யா முழுக்க நடந்ததும் இதையே சொல்கிறது. நான்கு மாவட்டங்களில் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். கடை வியாபாரத்தை நம்பியிருந்த 2004-ல் மருந்து சேர்த்த வலைக்குள் தூங்கிய குழந்தைகள் 7 சதவீதம். பரிசோதனை நிலையங்களில் மானிய விலைக்குக் கொடுத்த பிறகு 2005-ல் 24. இலவசமாகக் கொடுத்த 2006-ல் 67. அதற்கு மறுவருஷமே, மலேரியா உள்ள இடங்களில் எல்லோருக்கும் வலையை இலவசமாகவோ மிகப் பெரிய மானியத்திலோ கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. ஒடிசாக் கிராமங்களில் வலையைச் சிறுகடனுக்கு விற்றுப் பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டலாம் என்றதும் பாதிக்குமேல், 52 சதவீத வீடுகள், வாங்கின. கையில் ரொக்கம் இல்லாததுதான் பெரிய தடை என்று அதிலிருந்து தெரிந்தது. ஆனால் மலேரியா குறைந்ததா என்றால் தெளிவான பதில் கிடைக்கவில்லை. அதே ஒடிசாவில் 2017-ல் அரசாங்கம் ஒரு கோடிக்கும் மேல் வலைகளை இலவசமாகக் கொடுத்தது. கிராமங்களில் முகாம் போட்டு ரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் சேர்த்துச் செய்தார்கள். அடுத்த வருஷமே நோயாளிகள் எண்ணிக்கை எண்பது சதவீதம் அளவுக்கு இறங்கியது. வலை மட்டும் செய்த வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரில் பாதிப் பேர் கட்டுவதற்கும் எல்லோரும் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் சாமானியம் இல்லை. என் வலையில் உட்கார்ந்து செத்த கொசு பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கடிக்காதல்லவா?

இலவசத்துக்கும் ஒரு நோய் உண்டு

"அப்போ இலவசம்தான் சரின்னு முடிச்சிடலாமே?" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். நாடி பார்க்கிறவன் இரண்டு கையையும் பார்க்க வேண்டும்.

தான்சானியாவில் 2009-லிருந்து 2011 வரை இரண்டு பெரிய இலவச விநியோகம் நடந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காகச் சுமார் 90 லட்சம் வலை, பிறகு எல்லோருக்குமாக 1.8 கோடி. பிரமாதம்! ஆனால் வலைக்கு ஆயுள் மூன்று வருஷம். நடுவில் கிழிந்தால்? புதுசாகக் குழந்தை பிறந்தால்? அடுத்த லாரி வரும்வரை கொசு காத்திருக்குமா? கடைக்குப் போனால், "இலவசமா வரும்போது எவன் வாங்குவான்?" என்று வியாபாரி வலை வைப்பதையே குறைத்திருப்பார். வைத்திருப்பதிலும் பல மருந்து சேர்க்காதவை. தள்ளுபடிச் சீட்டும் 2014-ல் நின்றுபோனது. நல்லவேளையாக, 2013 முதலே தெற்குப் பகுதிகளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் வருஷா வருஷம் வலை கொடுத்தனுப்பும் முறையைத் தொடங்கியிருந்தார்கள்.

இன்னொரு பெரிய ஆபத்து. இந்த இலவச வலைகளுக்குப் பணம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்தி வைத்தது. மலேரியா வேலைகள் பல நாடுகளில் தடுமாறின. எங்கேயோ ஒருவர் போட்ட கையெழுத்துக்கு, எங்கேயோ ஒரு குழந்தை வலையில்லாமல் தூங்க வேண்டியிருக்கிறது. இலவசத்தைக் குறை சொல்லவில்லை. கடனாக வாங்கிய கைத்தடியை ஊன்றி நடப்பதில் உள்ள பயத்தைச் சொல்கிறேன்.

என் கருத்து இதுதான்

கடையை மூடவும் வேண்டாம், தாயிடம் காசு கேட்கவும் வேண்டாம். வலையைத் தயாரிப்பது, கொண்டு சேர்ப்பது, கிழிந்தால் மறுநாளே இன்னொன்று கிடைக்கும்படி வைத்திருப்பது, இதெல்லாம் மில்லும் கடையும் செய்யட்டும். அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் உரிய வலையின் முழு விலையை அரசாங்கம் கொடுத்துவிட வேண்டும். சீட்டு இருக்கட்டும், ஆனால் அதில் 'மீதிப் பணம்' என்ற வரியே இருக்கக் கூடாது. வசதியுள்ளவர் தன் காசில் வாங்கிக்கொள்ளட்டும். அந்த வியாபாரம்தான் கடையை உயிரோடு வைத்திருக்கும்.

"சீட்டு என்றால் கள்ளச்சீட்டும் வருமே?" வரும். ரேஷன் கார்டிலும் போலி வந்தது. அதற்காக ரேஷன் கடையை மூடினோமா? கண்காணிப்பைக் கூட்டினோம். போலியோ சொட்டு மருந்துக்கு எந்தத் தாயிடமாவது காசு கேட்டோமா? கேட்டிருந்தால் போலியோ இந்த நாட்டை விட்டுப் போயிருக்குமா?

அரசாங்கம் விடவே கூடாத இன்னொரு வேலை, தரம் பார்ப்பது. தக்காளியை அழுத்திப் பார்த்து வாங்கலாம். வலையில் மருந்து இருக்கிறதா என்று எந்த அம்மாவால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியும்? பல இடங்களில் கொசுக்கள் பழைய மருந்துக்குப் பழகிவிட்டன. தான்சானியாவின் மிசுங்வி பகுதியில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், குளோர்ஃபெனாபிர் என்ற இரண்டாவது மருந்தும் சேர்ந்த புது வலை, பழைய வலையைவிட மலேரியாவைப் பாதியளவுக்குக் குறைத்தது. ஆனால் விலை கூடுதல். கடையில் இரண்டும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். சந்தையை அதன் போக்கில் விட்டால் மலிவானதுதான் விற்கும், பலனில்லாதது ஜெயித்துவிடும்.

நம் வீட்டுக்கு என்ன?

கரூரில் தயாராகும் மருந்து சேர்த்த வலைகள் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றன. கடல் தாண்டிப் போகின்றன. ஆனால் நம் தெருக் கடையில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கிடைப்பது சாதா வலைதான். உலகத்துக்கே மருந்து வலை அனுப்பும் ஊரை வைத்துக்கொண்டு, நாம் கேட்டு வாங்கப் பழகவில்லை. கேட்க ஆரம்பியுங்கள். கேட்டால்தான் கடைக்காரர் வைப்பார்.

சென்னை மாதிரி ஊர்களில் மலேரியாவைப் பரப்புவது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் அனாபிலிஸ் ஸ்டெஃபன்சி. ஆசியாவைச் சேர்ந்த இந்தக் கொசு 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டு, பிறகு எத்தியோப்பியா, சூடான் என்று பரவிவிட்டது. ஆகவே இது ஏதோ ஒரு கண்டத்தின் தலைவலி என்று ஒதுங்க முடியாது.

வலை வைத்திருப்பவர்கள் சிலவற்றைக் கவனியுங்கள்:

புதிதாக வாங்கிய மருந்து சேர்த்த வலையை ஒரு நாள் நிழலில் காற்றாட விரித்துவிட்டுக் கட்டுங்கள்.

அடிப்பாகத்தை மெத்தைக்கோ பாய்க்கோ அடியில் செருகுங்கள். தொங்கவிட்டால் கொசு கீழே வழியாக வந்துவிடும்.

சாதா சோப்பும் பச்சைத் தண்ணீரும் போதும். ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள். அடிக்கடி துவைத்தால் மருந்து சீக்கிரம் போய்விடும்.

ஓட்டை விழுந்தால் அன்றைக்கே தையுங்கள்.

பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கும் வலை போடுங்கள். டெங்குக் கொசு பகலில் கடிப்பது.

தண்ணீர்த் தொட்டியை இடைவெளி இல்லாமல் மூடுங்கள்.

குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால், நிலவேம்புக் குடிநீரை மட்டும் குடித்துவிட்டு நாளைத் தள்ளாதீர்கள். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: முதலில் ரத்தப் பரிசோதனை. மலேரியா என்று தெரிந்தால் அதற்குரிய மாத்திரையை, சொன்ன நாள்வரை முழுதாகச் சாப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா, வாட்ச்மேன், எதிரே கட்டடத்தில் தங்கி வேலை பார்க்கும் வெளியூர்க் குடும்பம், இவர்களிடம் வலை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்களா? அடுத்த தடவை கடைக்குப் போகும்போது இரண்டாக வாங்குங்கள்.